லென்ஸ் என் கண்ணீரை உறிஞ்சுகிறதா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க ஏ.சி., கம்ப்யூட்டர். நாலு வருஷமாக மாத லென்ஸ் போடுகிறேன். பவர் மைனஸ் நாலரை. முன்பெல்லாம் கண்ணில் லென்ஸ் இருப்பதே தெரியாது. இப்போது மதியம் மூன்று மணிக்கே பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் இருக்கிறது. கழற்றியதும் கண் அரிக்கிறது. காலையில் கண் ஓரத்தில் நூல் நூலாக வெள்ளைப் பீளை. லென்ஸ் வாங்கிய கடையில் ‘புரோட்டீன் படிஞ்சிருக்கு’ என்றார்கள். கண்ணீரில் இருக்கும் புரோட்டீனை எல்லாம் லென்ஸ் உறிஞ்சிவிடும், போகப் போகக் கண் வறண்டுவிடும் என்று தோழி பயமுறுத்துகிறாள். என் கண்ணீர் சத்து இழந்துகொண்டிருக்கிறதா? முட்டை, பருப்பு அதிகம் சாப்பிட்டால் சரியாகுமா? (மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாத லென்ஸை இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூடப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் போடுவதில்லையே, அந்தக் கணக்கில்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் உங்கள் தோழியின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். லென்ஸ் புரதத்தை இழுக்கிறது என்பது உண்மை. அதனால் கண்ணீர் காலியாகிவிடும் என்பது உண்மை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்கள் ஒரு கண்ணில் எந்த நேரத்திலும் இருக்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளிகூட இல்லை. ஆனால் அது தேங்கி நிற்கும் குளம் அல்ல, ஓடிக்கொண்டே இருக்கும் வாய்க்கால். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டருக்குச் சற்று மேல் புதிதாக ஊறும், பழையது மூக்குப் பக்கம் வடிந்துவிடும். விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் ஒரு கண்ணில் சுமார் ஒரு மில்லிலிட்டர் ஊறிவிடுகிறது. அதில் புரதம் மட்டும் 6 முதல் 10 மில்லிகிராம் வரை. இப்போது லென்ஸின் பக்கம் பார்ப்போம். புரதத்தை மிக அதிகமாக இழுக்கும் வகை லென்ஸ்கூட, பல நாள் போட்ட பிறகு ஒரு மில்லிகிராம் சேர்த்திருந்தால் பெரிது. இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் சிலிகான் ஹைட்ரோஜெல் வகை அதில் மிகச் சிறு பங்குதான் பிடிக்கும், சில மைக்ரோகிராம்கள். கண்ணீர்ச் சுரப்பிக்கு இது கை நிறையச் சம்பளம் வாங்குபவர் டீ செலவு செய்த மாதிரி.

முட்டை விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். சாப்பிடும் புரதம் வயிற்றிலும் குடலிலும் சிறு துண்டுகளாக உடைந்துதான் உடம்புக்குள் போகிறது. கண்ணின் வெளி ஓரத்துக்கு மேலே, எலும்புக்கு அடியில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு அதில் குறை வராது. முட்டை பிடிக்கும் என்றால் சாப்பிடுங்கள், லென்ஸுக்காக வேண்டாம்.

ஆனாலும் முட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் லென்ஸில் படிவது முட்டையின் வெள்ளைக்கருவிலும் இருக்கும் ஒரு சரக்கு. பெயர் லைசோசைம். கண்ணீரில் இருக்கும் முக்கியமான புரதங்களில் ஒன்று. பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்தது இதைத்தான். ஜலதோஷத்தில் ஒழுகிய தன் மூக்குச்சளியைக் கிருமி வளர்த்த தட்டில் இட்டுப் பார்த்தார், கிருமிகள் கரைந்துபோயின. அப்புறம் கண்ணீர் வேண்டியிருந்தது. எலுமிச்சையைப் பிழிந்து, தன் கண்ணிலும் கூட வேலை செய்தவர்கள் கண்ணிலும் நீர் வரவழைத்துச் சோதித்தார். 1922ல் எழுதி வெளியிட்டார். பாக்டீரியாவின் சுவரை அரித்து உடைப்பதுதான் லைசோசைமின் வேலை. நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை அழுக்குக் கையால் கண்ணைக் கசக்குகிறோம், ஆனாலும் தினமும் கண்வலி வருவதில்லை என்றால் இதற்கும் அதில் பங்கு உண்டு.

இதற்குத் துணையாக இன்னும் சில பேர். கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின். எண்ணெய்ப் பசையைத் தூக்கிச் சுமக்கும் லிப்போகாலின். வாயிலும் குடலிலும் காவல் காப்பது போலவே கண்ணிலும் காவல் நிற்கும் இம்யூனோகுளோபுலின் ஏ. இவை பெரிய தலைகள். சின்னச் சின்ன அளவில் இருப்பதையெல்லாம் எண்ணினால் கண்ணீரில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட புரதங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

இந்தக் கண்ணீர் உங்கள் கண்மேல் பரவியிருக்கும் தடிமன் சுமார் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லென்ஸோ மெல்லியது என்று நாம் நினைத்தாலும் நடுவில் 80 மைக்ரான் அளவுக்கு இருக்கும். மூன்று மைக்ரான் நீருக்குள் இவ்வளவு தடிமனான ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? கண்ணீர்ப் படலம் இரண்டாகப் பிரிகிறது. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் படலம் மெல்லியதாகி, சீக்கிரம் ஆவியாகிறது. லென்ஸுக்குப் பின்னால் இருப்பது சரியாக மாறாமல் அப்படியே நிற்கிறது. கண் வறள்வது போல் உங்களுக்குத் தோன்றுவதற்கு இதுதான் காரணம், புரதம் குறைந்தது அல்ல. கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடும். மேலே ஏ.சி. வேறு. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது, வெயில் அதிகம்.

சரி, புரதத்துக்கு வருவோம். லென்ஸைக் கண்ணில் வைத்த சில நிமிடங்களிலேயே புரதம் ஒட்ட ஆரம்பித்துவிடும். இதைத் தடுக்கவும் முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. எந்த லென்ஸில் எவ்வளவு என்பது அது செய்யப்பட்ட பொருளைப் பொறுத்தது. லைசோசைம் உருவத்தில் சிறியது, நேர் மின்னூட்டம் கொண்டது. நீர்ச்சத்து அதிகமாகவும் எதிர் மின்னூட்டத்தோடும் இருக்கும் லென்ஸ் என்றால் அதற்குக் கொண்டாட்டம். மேலே ஒட்டுவதோடு நிற்காமல் உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எட்டாஃபில்கான் என்று பெட்டியில் போட்டிருக்கும் லென்ஸ்கள் இந்த ரகம். சிலிகான் ஹைட்ரோஜெல் ரகத்தில் ஒட்டும் புரதம் அதை ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் சிலிகான்தான் நல்லது என்று நினைப்பீர்கள். நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அதிகமாக இழுக்கும் அந்த முதல் ரக லென்ஸில் லைசோசைம் பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. மடிப்புக் கலையாமல், கிருமியைக் கொல்லும் திறனோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சிலிகான் லென்ஸில் ஒட்டுவது கொஞ்சம்தான், ஆனால் ஒட்டியதில் பெரும்பங்கு உருக்குலைந்துவிடுகிறது. புரதம் என்பது நூல் மாதிரி ஒரு நீளமான சங்கிலி, ஒரு குறிப்பிட்ட விதமாக மடிந்து சுருண்டிருந்தால்தான் அதற்கு மரியாதை. மடிப்பு குலைந்தால் வேறு பொருளாகிவிடும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, வேகவைத்தால் வெளுத்துக் கெட்டியாகிறது இல்லையா? உள்ளே இருக்கும் பொருள் அதேதான். மடிப்பு போய்விட்டது, அவ்வளவே. இனி எவ்வளவு குளிரவைத்தாலும் அது பழைய தெளிவுக்குத் திரும்பாது.

அதனால் லென்ஸில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதைவிட, அது எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். சாஃப்ட் லென்ஸ் வந்த புதிதில், 1970களில், கிருமி போக லென்ஸைத் தினமும் மின்சாரக் கருவியில் வைத்துச் சூடாக்குவார்கள். கிருமி செத்தது, உண்மை. கூடவே ஒட்டியிருந்த புரதமும் வெந்து லென்ஸிலேயே அடி பிடித்தது. பால் பாத்திரத்தை அடுப்பில் மறந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டாம். அதைச் சுரண்ட வாரம் ஒருமுறை நொதி மாத்திரை போட்டு ஊறவைப்பார்கள். அந்த மாத்திரைகளில் ஒரு வகை எதிலிருந்து வந்தது தெரியுமா? பப்பாளி. முற்றிய ஆட்டுக்கறி சீக்கிரம் வேக நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்கள் அல்லவா, அதே பப்பேன்தான். (படித்துவிட்டு யாரும் வீட்டில் லென்ஸைப் பப்பாளிப் பாலில் ஊறவைக்க வேண்டாம். கண் வெந்துவிடும்.) இப்போது மாதம் ஒருமுறையோ தினமுமோ லென்ஸை மாற்றிவிடுவதால் அந்த மாத்திரைகளுக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. மாற்றினால்தான் தேவை இல்லை.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இதனால்தான் செல்லாது. மாத லென்ஸ் என்றால் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து 30 நாள், போட்ட நாள் 30 அல்ல. நீங்கள் லீவில் இருக்கும்போது லென்ஸ் லீவில் இருப்பதில்லை. ஒட்டிய புரதம் டப்பாவுக்குள்ளும் ஒட்டித்தான் இருக்கிறது, மெல்ல மெல்ல மடிப்பு குலைந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது மாதத்தில் உங்கள் கண்ணில் இருப்பது பாதி லென்ஸ், பாதி பழைய வெள்ளைக்கரு.

உருக்குலைந்த அந்தப் புரதத்தை உங்கள் மேல் இமை ஒவ்வொரு சிமிட்டலிலும் தடவிப் பார்க்கிறது. அது நம் உடம்பில் ஊறியதுதான், ஆனால் இப்போது உடம்புக்கு அடையாளம் தெரியவில்லை. வெளியாள் என்று நினைத்து இமை சண்டைக்கு நிற்கிறது. கூடவே லென்ஸின் விளிம்பும் பரப்பும் உராய்கின்றன. இமையின் உட்புறம் வியர்க்குரு மாதிரிப் பொரிப்பொரியாகத் தடித்துக்கொள்கிறது. 1977ல் மத்தியா ஆலன்ஸ்மித் என்ற அமெரிக்கக் கண் மருத்துவரும் அவர் குழுவும் லென்ஸ் போடுபவர்களிடம் இதை விரிவாக எழுதினார்கள். பெரிய பொரிகள் உள்ள இமையழற்சி என்று பெயர் சொல்லலாம். செயற்கைக் கண் வைத்தவர்களுக்கும், கண்ணில் தையல் முனை துருத்திக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே மாதிரி வருவதால் புரதம் மட்டுமே குற்றவாளி அல்ல, உராய்வும் சேர்ந்துதான் என்பது தெரிகிறது. இதன் அடையாளங்கள்: கழற்றியதும் அரிப்பு, காலையில் நூல் நூலாகப் பீளை, லென்ஸ் மேலே மேலே ஏறிக்கொள்வது, சில மணி நேரத்திலேயே மங்கல். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கடிதத்தை வைத்து நான் நோய் முடிவு செய்யமாட்டேன், ஆனால் என் சந்தேகம் அங்கேதான் போகிறது.

மதிய மங்கலைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் எல்லாவற்றுக்கும் ‘புரோட்டீன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். உங்களுடையது சிலிகான் லென்ஸாக இருந்தால் அதில் பாதி எண்ணெயாகவும் இருக்கலாம். சிலிகானுக்கும் எண்ணெய்க்கும் அப்படி ஒரு ஒட்டுறவு. இமை விளிம்பில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய் கொஞ்சம், நாமே கொண்டுபோய்க் கொடுப்பது மிச்சம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை, முகத்துக்குக் கிரீம் தடவிய விரல், இமையின் உள் விளிம்பில் தீட்டிய மை. லென்ஸைப் போட்ட பிறகுதான் மை, அதுவும் இமைமயிருக்கு வெளிப்பக்கம். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு முகம் கழுவுவது.

உங்கள் தோழி சொன்னதில் உண்மை இருக்கும் ஒரு இடத்தையும் மறைக்கக் கூடாது. லென்ஸ் போடுபவர்களின் கண்ணீரைச் சோதித்தால் லைசோசைம், லாக்டோஃபெரின் அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆனால் காவல்காரன் என்று சொன்னேனே, இம்யூனோகுளோபுலின் ஏ, அது சிலரிடம் குறைந்திருப்பதையும், அழற்சிக்கு அழைப்பு விடுக்கும் சில புரதங்கள் கூடியிருப்பதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இதில் மோசமான நேரம் தூக்கம். கண் மூடியதும் கண்ணீர் ஊறுவது ஏறக்குறைய நின்றுவிடும். இரத்தத்திலிருந்து ஆல்புமின் கசியும், வெள்ளை அணுக்கள் வந்து கூடும். லென்ஸ் இல்லாத கண்ணுக்கே இப்படித்தான், காலையில் நாலு முறை சிமிட்டினால் சரியாகிவிடும். இந்தக் குட்டையில் லென்ஸையும் ஊறப்போட்டால் கதை வேறு. பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போடுபவர்களில் 10,000 பேருக்கு வருஷத்தில் 2 முதல் 4 பேருக்குக் கருவிழியில் கிருமித் தொற்று வருகிறது என்றால், போட்டுக்கொண்டே தூங்குபவர்களில் சுமார் 20 பேருக்கு வருகிறது. பஸ்ஸில் கோயம்புத்தூர் போகும்போது அசந்து தூங்குவதும் இதில் சேர்த்தி. நீங்கள் தூங்குகிறீர்களா என்று எழுதவில்லை, அதனால் சொல்லிவைக்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இன்றே லென்ஸை நிறுத்திவிட்டுக் கண்ணாடி போடுங்கள். பழைய கண்ணாடியின் பவர் சரியாக இல்லையென்றால் அதை முதலில் மாற்றுங்கள், லென்ஸ் போடும் எல்லோரும் ஒரு நல்ல கண்ணாடி வைத்திருக்க வேண்டும். இந்த வாரமே ஒரு கண் டாக்டரிடம் போய் மேல் இமையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டுத்தான் பார்க்க வைக்க வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், புரட்டாமல் இது தெரியாது. வலிக்காது, அரை நிமிட வேலை. பொரி இருந்தால் சில வாரம் லென்ஸ் இல்லாமல் இருக்கச் சொல்வார், அரிப்பை அடக்கச் சொட்டு மருந்து தருவார். மருந்துக் கடையில் நீங்களே கேட்டு ஒரு சொட்டு மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படிக் கிடைப்பதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு போய்விடும், அதனால் மாதக்கணக்கில் போடத் தோன்றும். கண் அழுத்தமும் கண்புரையும் அப்படி வந்து சேர்ந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், உங்கள் வயதிலேயே.

திரும்ப லென்ஸுக்கு வரும்போது தினசரி லென்ஸுக்கு மாற முடியுமா என்று பாருங்கள். காலையில் புதிது, ராத்திரி குப்பையில். புரதத்துக்குப் பழையதாக நேரமே கிடைப்பதில்லை. விலை கூடத்தான். ஆனால் சொல்யூஷன் செலவு மிச்சம், நீங்கள் வாரத்துக்கு ஐந்தாறு நாள்தான் போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இங்கே நிஜமாகவே உதவும்.

கட்டுப்படியாகாது என்றால் மாத லென்ஸே போதும், ஆனால் முப்பதாம் நாள் காலண்டரில் குறித்துவைத்துத் தூக்கிப் போட வேண்டும். ராத்திரி கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷன் விட்டு, விரலால் இரு பக்கமும் தேய்த்து, அலசி, பிறகு டப்பாவில். தேய்க்கவே வேண்டாம் என்று சில பாட்டில்களில் போட்டு விற்ற காலம் ஒன்று உண்டு, அதை நம்பாதீர்கள். ஒட்டியதில் தளர்வாக இருப்பதெல்லாம் தேய்த்தால் போய்விடும். டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் மிச்சமிருக்கிறதே என்று அதன்மேலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்வதும் வேண்டாம், தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் லென்ஸிலும் படக்கூடாது, டப்பாவிலும் படக்கூடாது. திருப்பூரின் உப்புத் தண்ணீர் என்பதற்காக இல்லை, ஆற்றுத் தண்ணீர் என்றாலும், ஃபில்டர் தண்ணீர் என்றாலும் இதேதான். தண்ணீரில் வாழும் அக்கந்தமீபா என்ற ஓர் உயிரி கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டிவரும். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். படிவு அதிகம் வருகிறவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வகை சொல்யூஷன் நன்றாக ஒத்துவரும். ஆனால் அதற்கென்று தருகிற தனி டப்பாவில் ஆறு மணி நேரம் வைத்து, அதன் வீரியம் அடங்கிய பிறகுதான் கண்ணில் போட வேண்டும். அவசரத்தில் நேராகப் போட்டுக்கொண்டு அலறியபடி வந்தவர்களும் உண்டு.

எப்போதாவது கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, லென்ஸைக் கழற்றிய பிறகும் பார்வை மங்கலாகவே இருந்தால் அது புரதமும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆபீஸ் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், இப்போது போட்டுக்கொண்டிருக்கும் அந்த மூன்று மாத லென்ஸைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிட வேண்டாம். டப்பாவோடு, லென்ஸ் வந்த பெட்டியோடு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தால் படிந்திருப்பது புரதமா எண்ணெயா என்பது ஓரளவு அவருக்குத் தெரிந்துவிடும். கேட்டால் உங்களுக்கும் காட்டுவார்.